கோட்டை கட்டாத ராஜா

(மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரிக்கல் பிரிவு மாணவன்)

இந்த ஆண்டு மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி மலர்க் குழுவில் கேட்டார்கள். நான் போவதற்குள் காமராசரை ஒருத்தன் எடுத்துவிட்டான். அப்துல் கலாமை மூன்று பேர் எடுத்துவிட்டார்கள். வ.உ.சி., பாரதியார் இரண்டு பேரும் சிவில்காரர்களுக்குப் போய்விட்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் மீர் சுல்தான் கானைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அது யாருப்பா என்று கேட்டார்கள். செஸ் உலகத்தில் அவரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நம் மலரில்தான் இதுவரை அவர் வரவில்லை.

அவரிடம் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவர் கதை எனக்கு ஏன் பெரிசு என்று விளங்காது.

எனக்கு ஊர் கடையநல்லூர். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கட்டட வேலை. அம்மா மடியில் சொளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். சாயங்காலம் திண்ணையில் தாத்தாவும் நானும் செஸ் ஆடுவோம். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போனபோது கடையில் பேரம் பேசி தாத்தா வாங்கித் தந்த பிளாஸ்டிக் காய்கள். அதில் கறுப்புக் குதிரை ஒன்று தொலைந்துபோய், அதற்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டை நிற்கும். தாத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவரை எங்க தெருவில் யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. நான் எட்டாவது படிக்கும்போது முதல் தடவை ஜெயித்தேன். அன்றைக்கு ராத்திரி தாத்தா சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆச்சி சொன்னார்கள்.

ஆகவே எனக்கு செஸ் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாம் ஆண்டில் பிரிவுகளுக்கு இடையே போட்டி என்றதும் பேர் கொடுத்தேன். எதிரே மெக்கானிக்கல் பையன். முதல் ஆட்டமே ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். தம்பி, ஒரு கட்டம்தான் என்று சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முதல் தடவை இரண்டு போகலாம் என்றான். சரி, அவங்க ஊர்ப் பழக்கம் போல என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ராஜாவையும் யானையையும் ஒரே சமயத்தில் தூக்கி இடம் மாற்றி வைத்தான். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். ஏமாத்துறான் சார் என்று சத்தமும் போட்டுவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு எனக்கும் ரோஷம் வந்து, என் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளினேன். தள்ளிய சிப்பாயை அவன் சிப்பாய் பக்கவாட்டில் வந்து, நான் நிற்காத ஒரு கட்டத்தில் வைத்து வெட்டிக்கொண்டு போனது. இதற்கு நான் வாயே திறக்கவில்லை. வாயைத் திறந்தால் மறுபடியும் சிரிப்பார்கள்.

தோற்றதைப் பற்றிக்கூட எனக்கு வருத்தம் இல்லை. தாத்தா எனக்குத் தப்பு தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் அவரைத் திட்டினேன். அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

மறுநாள் உடற்கல்வி சார் கூப்பிட்டு, தாத்தா என்ன சட்டத்தில் ஆடுவார் என்று விசாரித்தார். சொன்னேன். சிப்பாய் ஒவ்வொரு கட்டமாகத்தான் நடக்கும். ராஜா ஒரு தடவைகூட செக் வாங்காமல் இருந்தால், ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை மாதிரி பாயலாம். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் அது எந்த வரிசையில் போனதோ அந்த வரிசைக்குரிய காயாக மாறும், நினைத்த காயாகவெல்லாம் மாறாது. சார் சிரிக்கவில்லை. இது தப்பு இல்லடா, இது நம்ம நாட்டு ஆட்டம், இதே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு போய்த்தான் ஒருத்தர் வெள்ளைக்காரனை ஜெயித்தார் என்றார். அந்த ஒருத்தர்தான் மீர் சுல்தான் கான்.

சுல்தான் கான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில், மீட்டா திவானா என்ற ஊரில் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பாவிடம் செஸ் கற்றுக்கொண்டார். கற்றது நாட்டு ஆட்டம், அதாவது எங்க தாத்தா ஆட்டத்தின் அண்ணன் தம்பி. ஊருக்கு ஊர் சட்டத்தில் கொஞ்சம் மாறும், ஆனால் ஐரோப்பிய ஆட்டத்தின் வேகம் எதிலும் கிடையாது. இருபத்தொரு வயதில் பஞ்சாபில் அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை என்று பேர் வாங்கினார். அந்தப் பகுதியின் பெரிய நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டு, ஐரோப்பியச் சட்டங்களைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். சுல்தான் கான் ஒரு வேலைக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றுதான் பல புத்தகங்களில் காலம் காலமாக எழுதிவந்தார்கள். அவருடைய குடும்பத்தார் இதைப் பலமாக மறுத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. இங்கிலீஷ் தெரியாதவனைப் படிக்காதவன் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் என்று, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே முதலாம் ஆண்டில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்.

அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தவை முக்கியமாக நான்கு. அந்த நான்கையும்தான் நானும் கற்றேன். கற்றபோது எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், ஆரம்பக்காரர்களுக்குப் பயன்படும்.

சிப்பாய் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம். இது ஐரோப்பாவில் ஆட்டத்தை விறுவிறுப்பாக்க ஐந்நூறு வருஷங்களுக்கும் முன்னால் கொண்டுவந்த சட்டம். இது வந்ததும் ஒரு தந்திரமும் கூடவே வந்தது. ஒரு கட்டம் போனால் எதிரிச் சிப்பாய் வெட்டிவிடும் என்றிருக்கிற இடத்தை, இரண்டு கட்டமாகத் தாண்டித் தப்பிவிடலாம் அல்லவா? அதைத் தடுக்கத்தான் அந்த மெக்கானிக்கல் பையன் என்னை வெட்டிய வெட்டு. ஆன் பாஸான் என்று பிரெஞ்சில் பேர், போகிற போக்கில் என்று அர்த்தம். நம் சிப்பாய் தன் ஐந்தாவது வரிசையில் நிற்க, எதிரிச் சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டிவந்து பக்கத்தில் நின்றால், அது ஒரு கட்டம்தான் வந்தது என்று வைத்துக்கொண்டு வெட்டலாம். ஆனால் உடனே, அடுத்த ஆட்டத்திலேயே வெட்ட வேண்டும். ஒரு ஆட்டம் விட்டால் உரிமை போச்சு. நாட்டு ஆட்டத்தில் இது ஏன் இல்லை என்றால், தாண்டுவதே இல்லாத இடத்தில் தாண்டினவனைப் பிடிக்கச் சட்டம் எதற்கு? இதை யோசித்துக் கண்டுபிடித்த அன்றைக்கு தாத்தா மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

கேஸ்லிங் அடுத்தது, கோட்டை கட்டுதல் என்று தமிழில் சொல்கிறார்கள். ராஜா யானை இருக்கும் பக்கமாக இரண்டு கட்டம் நகரும், யானை அவரைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்கும். இரண்டு காயும் அதுவரை அசைந்திருக்கக் கூடாது, நடுவில் எந்தக் காயும் நிற்கக் கூடாது. ராஜா செக்கில் இருக்கும்போது கட்டக் கூடாது. அவர் கடக்கும் கட்டத்திலும் போய் நிற்கும் கட்டத்திலும் எதிரியின் குறி இருக்கக் கூடாது. யானை குறியில் இருந்தால் பரவாயில்லை, இதில்தான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். இன்னொன்று, போட்டியில் முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. பழைய காலத்தில் ஐரோப்பாவிலும் ராஜா ஒரு தடவை பாயும் வழக்கம்தான் இருந்தது. அந்தப் பாய்ச்சலே காலப்போக்கில் கேஸ்லிங் ஆயிற்று. அப்படிப் பார்த்தால் தாத்தாவின் ராஜா பாய்கிற குதிரைப் பாய்ச்சலும் அந்தப் பையனின் கேஸ்லிங்கும் ஒரே குடும்பம்தான்.

நான்காவது, சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் ராணி, யானை, மந்திரி, குதிரை எதுவாகவும் மாறலாம். முதல் ராணி களத்தில் இருக்கும்போதே இரண்டாவது ராணியும் வரலாம்.

சட்டம் நாலு நாளில் வந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் பழக்கம்தான் வராது. நாட்டு ஆட்டத்தில் சிப்பாய்கள் மெதுவாக நடப்பதால், முதல் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் வரை அவரவர் தன் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். ஐரோப்பிய ஆட்டத்தில் இரண்டாவது ஆட்டத்திலேயே கைகலப்பு. தொடக்கத்தை எப்படி ஆட வேண்டும் என்று நூற்றுக்கணக்கான வருஷமாகப் புத்தகம் போட்டு வைத்திருக்கிறார்கள். சுல்தான் கானுக்கு அந்தப் புத்தகங்கள் இல்லை. எங்க மாமா ஒருவர் வயரிங் வேலை பார்ப்பவர். மோட்டார் எங்கே கருகியிருக்கிறது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். அவர் கையிலிருந்து கற்ற எனக்கு இங்கே முதல் செமஸ்டரில் புத்தகத்து வார்த்தைகள் தலைகால் புரியவில்லை. தெரிந்த விஷயமே தெரியாத பாஷையில் வந்து நின்றது. அந்த மாதிரிதான் அவருக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1928-ல் அகில இந்தியப் போட்டியில் அவர் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வென்றார். 1929-ல் சர் உமர் அவரை லண்டனுக்குக் கூட்டிப்போனார். அங்கே பழகுவதற்கென்று ஒரு சின்னப் போட்டி வைத்தார்கள். அதில் கடைசி இடத்தை இன்னொருவரோடு பங்குபோட்டுக்கொண்டார். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! பிறகு வில்லியம் வின்டர், ஃபிரெட் யேட்ஸ் என்ற இரண்டு இங்கிலாந்து வீரர்கள், தங்களுக்கே போட்டியாக வரப்போகிறவர் என்று தெரிந்தும், அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் கோடையிலேயே ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியில் அவர் முதலிடம். கடைசி இடத்துக்கும் முதலிடத்துக்கும் நடுவில் சில மாதங்கள்தான்.

லண்டன் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மலேரியா, சளி, தொண்டைக்கட்டு மாறி மாறி வந்தன. கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு போய் ஆடியிருக்கிறார். ஊருக்குத் திரும்பி, 1930-ல் மறுபடியும் ஐரோப்பா வந்தார்.

இப்போது நான் எழுத வந்த ஆட்டத்துக்கு வருகிறேன். 1930 டிசம்பர் கடைசியில், இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் வருஷா வருஷம் நடக்கும் போட்டி. எதிரே கியூபா நாட்டின் கேபபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர், தோற்பதே அபூர்வம் என்று பேர் எடுத்தவர். சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய். இந்த ஆட்டத்தை நான் பலகையில் வைத்து எத்தனை தடவை ஆடிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. கேபபிளாங்கா எட்டாவது ஆட்டத்திலேயே ஒழுங்காகக் கோட்டை கட்டிவிடுகிறார். சுல்தான் கான் கட்டவில்லை. சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார், ராஜா பக்கச் சிப்பாய்களையே அப்படித் தள்ளி முன்னே அனுப்புகிறார். ஆனால் ராஜாவை மட்டும் நடுவிலேயே வைத்திருக்கிறார். கேபபிளாங்கா இரண்டு யானைகளையும் கொண்டுவந்து செக் வைக்கிறார். பார்த்தால் வெள்ளை ராஜா செத்தார் என்றே தோன்றும். இவரோ ராணியைக் கொடுத்து இரண்டு யானைகளையும் வாங்கிவிடுகிறார். இரண்டாவது யானையை வெட்டுவது யார் தெரியுமா? அந்தக் கோட்டை கட்டாத ராஜாவேதான்!

அதற்குப் பிறகு நாற்பது ஆட்டம் நகர்கிறது. எதிரியிடம் ராணி இருக்கிறது, ஆனால் நடுவில் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு அடைத்து நிற்பதால் அதற்கு உருப்படியாக வேலை இல்லை. சுல்தான் கான் அவசரமே படவில்லை. யானைகளை ஒரே வரிசையில் நிறுத்துகிறார், எடுக்கிறார், மறுபடி நிறுத்துகிறார். எங்க தாத்தா வெற்றிலை மடித்துக்கொண்டே ஆடுவாரே, அதே நிதானம். அறுபத்தைந்தாவது ஆட்டத்தில் கேபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கேஸ்லிங் தெரியாததால் அவர் கட்டவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். தெரியும், மற்ற ஆட்டங்களில் கட்டியிருக்கிறார். இந்த ஆட்டத்தில் தேவைப்படவில்லை. சிறப்பு நகர்வு எல்லாம் நமக்குக் கொடுத்த உரிமை, கட்டாயம் இல்லை என்பதை எனக்குப் புரிய வைத்தது இந்த ஆட்டம்தான். ஆன் பாஸான் கற்ற புதிதில், வெட்ட முடிகிறதே என்பதற்காகவே வெட்டி நான் தோற்ற ஆட்டங்கள் நிறைய.

அந்தப் போட்டியில் அவர் மூன்றாமிடம் பெற்றார். முதலிடம் ஹாலந்தின் யூவே, அவர் 1935-ல் உலக சாம்பியன் ஆனவர். 1931-ல் டார்டகோவருடன் பன்னிரண்டு ஆட்டம் கொண்ட நேருக்கு நேர் போட்டியில் ஆறரைக்கு ஐந்தரை என்று ஜெயித்தார். அதே ஆண்டு பிராக் நகர ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் உட்கார்ந்து, ருபின்ஸ்டைனையும் ஃப்ளோரையும் வென்றார், அன்றைய உலக சாம்பியன் அலெகினுடன் டிரா செய்தார். 1932, 1933 இரண்டு ஆண்டும் மறுபடி பிரிட்டிஷ் சாம்பியன். நம் நாட்டுக்காரர், நம்மை ஆண்ட நாட்டின் அணிக்கு முதல் ஆள்! 1933-ல் பெண்கள் பிரிவு பிரிட்டிஷ் சாம்பியனும் சர் உமர் வீட்டைச் சேர்ந்தவரே, ஃபாத்திமா என்று பேர். அவரைப் பற்றி நம் தோழியர் யாராவது அடுத்த மலரில் எழுத வேண்டும்.

1933 டிசம்பரில் சர் உமர் இந்தியா திரும்பினார். கூடவே சுல்தான் கானும். அவ்வளவுதான், முடிந்தது. ஐரோப்பாவில் ஆடியது ஐந்து ஆண்டுகூட இல்லை. 1935-ல் காடில்கருடன் ஆடிய பத்து ஆட்டத்தில் ஒன்றை மட்டும் டிரா செய்து, மற்ற ஒன்பதையும் வென்றார். அதன் பிறகு பெரிய போட்டி எதிலும் அவர் பேர் இல்லை. ஊருக்குப் போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். 1947-ல் நாடு பிரிந்தபோது அவர் ஊர் பாகிஸ்தானில் இருந்தது. பிள்ளைகளுக்கு அவர் செஸ் சொல்லிக்கொடுக்கவில்லை, உருப்படியான வேறு வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். இதை அம்மாவிடம் சொன்னபோது, நான் சொன்னா கேக்க மாட்டேங்க, அவரு சொன்னதையாவது கேளு என்றார்கள்.

1950-ல் உலக செஸ் சம்மேளனம் முதன்முதலாக கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. இருபத்தேழு பேருக்குக் கொடுத்தார்கள். ஆடுவதை நிறுத்திப் பல வருஷமான பெரியவர்களுக்கும் அதில் இடம் இருந்தது, அவரிடம் தோற்ற ருபின்ஸ்டைன், டார்டகோவர், ஃப்ளோர் மூவருக்கும் கிடைத்தது. சுல்தான் கானுக்கு இல்லை. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். 1966 ஏப்ரல் 25-ஆம் தேதி சர்கோதாவில் காசநோயால் காலமானார். 2024 பிப்ரவரியில் சம்மேளனம் அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. இறந்து ஐம்பத்தேழு வருஷம் கழித்து! அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வருகிறது.

நம் நாட்டில் அந்த நாட்டு ஆட்டம் அவரோடு போய்விடவில்லை. 1960-கள் வரைக்கும் பல ஊர்களில் அதுதான் ஆட்டம். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன நம் தமிழ்நாட்டு மானுவல் ஆரோன் போன்றவர்கள் பாடுபட்டுத்தான் உலகச் சட்டம் இங்கே பரவியது. 1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், 2024-ல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் அதற்குப் பிறகு நடந்தவை. எங்க தெருவுக்கு அந்தச் சட்டம் வந்து சேரக் கொஞ்சம் தாமதம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் படித்து முடித்த வாரம் திண்ணையில் தாத்தாவிடம் சுல்தான் கான் கதையைச் சொன்னேன். பஸ்ஸில் அவரைத் திட்டியதை மட்டும் சொல்லவில்லை. கேபபிளாங்கா ஆட்டத்தைப் புளியங்கொட்டைக் குதிரையை வைத்தே ஆடிக் காட்டினேன். ராஜா யானையை வெட்டிய இடத்தில் தொடையைத் தட்டினார். பிறகு நாலு சிறப்பு நகர்வுகளையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். சிப்பாய் இரண்டு கட்டம் போவதை ஒத்துக்கொண்டார், இளவட்டப் பயலுவ ஓடத்தான செய்வானுவ என்றார். ஆன் பாஸானுக்கு ரொம்ப நேரம் யோசித்தார், பிறகு அதுவும் நியாயந்தான் என்றார். கேஸ்லிங்கை மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு முறைக்கு ஒரு காய்தானலே நகரணும், ரெண்டு நகந்தா அது கள்ள ஆட்டம் என்று சொல்லிவிட்டார். முதலாம் ஆண்டில் நான் போட்ட அதே சத்தம்!

கடைசியில் சமாதானம் பண்ணிக்கொண்டோம். எங்க வீட்டு ஆட்டத்தில் என் ராஜா கேஸ்லிங் பண்ணலாம், தாத்தா ராஜா ஒரு தடவை குதிரையாகப் பாயலாம். இதை எழுதும் இன்றைய தேதி வரை தாத்தா பதினொன்று, நான் ஏழு.